எந்தப் படம் சுவர் ஏறும்?

(ஊர் நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருப்பதி போய் வந்த வீட்டில் லட்டு நாலு நாளில் தீர்ந்துவிடும். கூட வாங்கி வந்த பெருமாள் படம் தலைமுறை தாண்டியும் சுவரில் இருக்கும். பழனியோ, வேளாங்கண்ணியோ, நாகூரோ, போன இடத்தில் வாசல் கடையில் ஒரு படம் வாங்கி வந்து வீட்டில் மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். ஆகவே, பயணப் படங்களைச் சுவருக்குக் கொண்டு வருவது பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருப்பதை ஏதோ புதுப் பணக்கார மோஸ்தர் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் காலங்காலமாகச் செய்வதுதான்.

நாம் மட்டும் என்றும் இல்லை. புரி ஜகந்நாதரைத் தரிசிக்கப் போனவர்கள் அங்கே தீட்டி விற்ற சிறிய படங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கல்கத்தாவில் காளி கோயிலைச் சுற்றி, வந்து போகும் யாத்ரீகர்களை நம்பியே காளிகாட் ஓவியம் என்று ஒரு பாணி 19ஆம் நூற்றாண்டில் செழித்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் போன ஆங்கிலப் பிரபுக்கள் வெனிஸ் நகரக் காட்சிகளைக் கானலெட்டோ என்ற ஓவியரிடம் வரைந்து வாங்கினார்கள். 1730களில் பெட்ஃபோர்டு பிரபு ஒருவர் வாங்கியது மட்டும் 24 படம். அவை பின்னாளில் அவர் குடும்பத்தின் வோபர்ன் மாளிகையின் சாப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தன. கேமரா வந்த பிறகு அந்த இடத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டது. 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் பார்ன் என்ற புகைப்படக்காரர் இமயமலைக்குள் மூன்று முறை போய், கண்ணாடித் தகடுகளைக் கூலியாட்கள் சுமக்க, படம் எடுத்து வந்தார். தாமே அந்த மலையை ஏறிப் பார்க்காதவர்களும் அந்தப் படங்களை விலைக்கு வாங்கினார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. எது நல்ல படம் என்று தேடும் வேலையை வேறொருவர் முடித்துக் கொடுத்திருந்தார். கடையில் தொங்கும் பத்தில் ஒன்றைக் காட்டிக் காசு கொடுத்தால் போதும். இன்றைக்கு ஒரு குடும்பம் மூணாறுக்கு இரண்டு நாள் போய் வந்தால் ஆளுக்கொரு போனில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கிறது. சுவரில் ஒன்றும் இல்லை. பிரிண்ட் போடக் காசில்லாமல் இல்லை, கடை இல்லாமலும் இல்லை. எதைப் போடுவது என்று தெரியவில்லை. அதனால் இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் தேர்ந்தெடுப்பது பற்றித்தான். ஆணி அடிப்பதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

ஆல்பத்துக்கான படம் வேறு, சுவருக்கான படம் வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. ஆல்பத்துப் படம் சாட்சி சொல்ல வந்தது: நாங்கள் போனோம், இன்னார் கூட வந்தார், சின்னவனுக்கு அப்போது முன்பல் இல்லை. அதற்கு மதிப்பு உண்டு, தூக்கிப் போடாதீர்கள். ஆனால் கொடைக்கானல் தூண்பாறைக்கு முன்னால் ஆறு பேர் வரிசையாக நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினால் என்ன ஆகும்? முதல் வாரம் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் மாதம் அந்த ஆறு பேர் நம் கூடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நாம் அவர்களைப் பார்ப்பதை நிறுத்தியிருப்போம். ஏனென்றால் அந்தப் படம் சொல்ல வேண்டிய சேதியை ஒரே பார்வையில் சொல்லி முடித்துவிட்டது.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் கம்பெனி கொலோரமா என்ற பெயரில் படங்களை வைத்தது. 18 அடி உயரம், 60 அடி நீளம், பின்னாலிருந்து விளக்கு. மொத்தம் 565 படங்கள் மாறி மாறி வந்தன. அவற்றில் பலவும் சுற்றுலாக் காட்சிகள்: மலை, ஏரி, கடற்கரை. முன்னால் ஒரு குடும்பம், அதில் யாராவது ஒருவர் கையில் கேமரா. பிலிம் விற்க வேண்டுமே! ரயிலைப் பிடிக்க ஓடுபவர் அரை நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார், சொக்குவார், போய்விடுவார். அடுத்த படம் சில வாரத்தில் வந்துவிடும். அரை நிமிஷத்துக்கு அந்த வித்தை சரி. நம் வீட்டுக் கூடம் ரயில் நிலையம் இல்லை.

மறுபக்கம் இன்னொரு கதை. 1941இல் அமெரிக்க உள்துறை அமைச்சகம் தன் கட்டடச் சுவர்களுக்கென்றே தேசியப் பூங்காக்களைப் படம் எடுத்துத் தரும்படி புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸை அமர்த்தியது. அவர் ஊர் ஊராகப் போய் 200க்கும் மேல் எடுத்தார். போர் வந்தது, 1942இல் திட்டம் நின்றது. அவர் 1984இல் காலமாகும்வரை அந்தப் படங்கள் அந்தச் சுவர்களுக்குப் போகவில்லை. 2010இல்தான் 26 படங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அந்த வரிசையில் உள்ள ஸ்னேக் ஆற்றுப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆறு கீழே வளைந்து, வெளுத்து, மறுபடி வளைந்து மலையடிவாரத்துக்குப் போகிறது. கண் அந்த ஆற்றோடு போகிறது, மலைக்கு ஏறுகிறது, மேகத்தில் கொஞ்சம் நிற்கிறது, திரும்பி இறங்குகிறது. நாளைக்கு வேறு வழியில் போகும். சுவருக்கான படத்தில் கண்ணுக்கு இப்படி நடமாட இடம் வேண்டும்.

இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. ஆடம்ஸ் எடுக்கும்போதே சுவரை நினைத்து எடுத்தார். நாமும் செய்யலாம். குடும்பத்தை நிறுத்தி எடுக்க வேண்டியதை எடுத்து முடித்ததும், எல்லோரையும் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு அதே இடத்தில் ஆளில்லாமல் ஒன்று எடுங்கள். போனைக் குறுக்கே பிடித்து ஒன்று, நெடுக்கே பிடித்து ஒன்று. நான்கு பக்கமும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். சட்டம் போடும்போது அந்த இடம் எவ்வளவு உதவும் என்று பிறகு தெரியும்.

பெயர் பெற்ற இடங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தாஜ்மகாலை உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாக எடுத்தவர்கள் ஏராளம். அது சுவரில் வேண்டுமென்றால் அவர்கள் படத்தைக் காசு கொடுத்து வாங்குவதே நேர்மை. நம் படம் சுவருக்கு வருவதற்கு வேறு நியாயம் வேண்டும்: நாம் நின்றதால் மட்டுமே கிடைத்த ஒன்று. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரை எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அதே இடத்தில் மணலில் பாதி புதைந்த வலை, சங்கு விற்கும் பலகை, பவளப் பாறைக்கல்லில் கட்டிய சுவரின் சொரசொரப்பில் விழும் காலை வெயில் இவையும் இருக்கின்றன. மூணாறில் தேயிலைச் சரிவைவிட, மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் கவிழ்த்து வைத்த கண்ணாடி கிளாஸ்களின் வரிசை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே பொருந்தும். வந்தவர் “இது எந்த ஊர்?” என்று கேட்பார். கேட்க வைத்தாலே படம் வேலை செய்கிறது என்று பொருள். தாஜ்மகாலைப் பார்த்து யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

படத்தில் ஆட்கள் இருக்கலாமா? இருக்கலாம். சிறியதாக, தங்கள் வேலையில் மூழ்கியவர்களாக, முதுகு காட்டியவர்களாக இருந்தால் படத்துக்கு உயிர் வரும். முகம் என்று வரும்போது இரண்டு சிக்கல். முதலாவது, அடுத்தவர் முகம். ராஜஸ்தானில் ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகத்தை அருகே போய் எடுத்தோம், அழகாக வந்தது. அந்த அம்மாளுக்கு நம்மைத் தெரியாது, நம் சுவரில் தொங்குவதும் தெரியாது. கேட்டு எடுத்தோமா, ஒரு பிரதியாவது அனுப்பினோமா? இரண்டும் இல்லையென்றால் என் வீட்டில் மாட்ட மாட்டேன். வறுமையை அலங்காரமாக்கும் படங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது. காசியில் கங்கைக்கரையில் அம்மா தனியே உட்கார்ந்திருக்கும் படம் பிரமாதமாக வந்திருக்கும். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் நடுநாயகமாக மாட்டுகிறார் மகன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “ஏண்டா, மாலை மட்டுந்தான் பாக்கி. எடுடா முதல்ல” என்கிறார். சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும் போலிருக்கிறது! தனி ஆள், பெரிய சட்டம், நேர்ப்பார்வை என்று மூன்றும் சேர்ந்தால் நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை மூடநம்பிக்கை என்று வாதாடிப் பயனில்லை. அம்மா படித்துறையில் சிறிய உருவமாகவும் கங்கை பெரிதாகவும் இருக்கும் இன்னொரு படம் அதே போனில் இருக்கும், தேடுங்கள். அவர்களும் சந்தோஷப்படுவார்கள், படமும் அதுவே நல்ல படமாக இருக்கும்.

எல்லாம் பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லையா? ஏழெட்டுப் படங்களைச் சாதாரண 4×6 அளவில் பிரிண்ட் போட்டு, பீரோ கதவிலோ ஃபிரிட்ஜ் கதவிலோ ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் போகட்டும். சில படங்கள் கண்ணிலேயே படாமல் போய்விடும். ஒன்றிரண்டின் முன்னால் நீங்களே அறியாமல் நிற்பீர்கள். பெரிதாக்க வேண்டியவை அவைதான். அதிகம் செலவாகாத பரீட்சை இது.

ஒரே பெரிய படம்தான் வேண்டும் என்பதும் இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, அடுத்த இரண்டு வருஷங்களில் மதுரை, தஞ்சை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு படத்தில் அடங்காது என்று பார்த்து, நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம். அது அலங்காரத்துக்கு எடுத்ததில்லை, ஆவணத்துக்கு எடுத்தது. ஆனாலும் ஒரே அளவு, ஒரே தூரம், ஒரே வெளிச்சம் என்ற கட்டுப்பாட்டினால் அது ஒரு கலைப்பொருளாகவே ஆகிவிட்டது. அடுக்குமாடி வீடுகளில் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நீண்ட ஒடுங்கிய சுவர் ஒன்று இருக்குமே, அதற்கு இந்த முறை பொருந்தும். செட்டிநாட்டில் எடுத்த ஐந்து வாசற்கதவுகள், ஒரே அளவில், ஒரே சட்டத்தில், ஒரே உயரத்தில். அல்லது பாம்பன் கரையில் நின்ற ஐந்து படகு முனைகள். அளவுக்கொன்றாய் முப்பது சட்டங்களைச் சுவர் முழுக்க இறைக்கும் பாணி பத்திரிகைகளில் அழகாகத் தெரியும். வீட்டில் அது தூசி தட்டும் வேலை.

சரி, படம் முடிவாகிவிட்டது. இனி பிரிண்ட்.

அந்தப் படம் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததா என்று முதலில் பாருங்கள். வழக்கமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளிக்கு வந்துவிடும். அருகிலிருந்து பார்க்கும் பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பழைய கணக்கு. ஆக 1600 புள்ளிக்கு ஐந்தேகால் அங்குலம்தான் தேறும். அதே படத்தின் மூலப்பிரதி 12 மெகாபிக்சல் போனில் 4000க்கு 3000 புள்ளி இருக்கும், 13 அங்குலத்துக்குத் தாராளமாக வரும். சோபாவுக்கு மேலே மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதென்றால் 150 புள்ளியே போதும், 26 அங்குலம்வரை போகலாம். எனவே எடுத்தவரிடம் மூலப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

அடுத்தது, அளவின் விகிதம். போன் படம் பெரும்பாலும் 4க்கு 3. கடைக்காரர் எடுத்ததும் சொல்லும் 12×18 தாளோ 3க்கு 2. இரண்டும் பொருந்தாது. குறுக்கே பிடித்து எடுத்த 4க்கு 3 படத்தை 12×18இல் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கோபுரத்தில் கலசம் போகும், இல்லையென்றால் அடிவாரத்தில் நிற்பவர் கால் போகும். அதே கடையில் 12×16 கேளுங்கள், 18×24 கேளுங்கள், முழுப்படமும் வரும்.

வெளிச்சம் இன்னொன்று. போன் திரை தானே ஒளி விடுகிறது. தாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. போனில் பளிச்சென்று இருந்த கோயில் பிராகாரம் தாளில் இருட்டு மண்டபமாக வருவது இதனால்தான். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, சிறிய அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போங்கள். கடையில் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: “கலர் கரெக்‌ஷன் செய்ய வேண்டாம், இருப்பதை அப்படியே போடுங்கள்.” சொல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்துக்குச் செய்யும் வைத்தியத்தை உங்கள் அந்திவானத்துக்கும் செய்து, செம்மையை எல்லாம் கழுவிவிடுவார்கள்.

தாளில் பளபளப்பானதும் உண்டு, மங்கலான மேட் தாளும் உண்டு. கண்ணாடிக்குள் போகும் படத்துக்கு மேட் போதும். இரண்டு பளபளப்பு எதற்கு? கேன்வாஸ் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்து மாட்டுவது இப்போது பரவியிருக்கிறது. மூடுபனி, கடல், மணல்மேடு போன்றவற்றுக்குச் சரி. சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் வேண்டாம், உளி போட்ட கோட்டைத் துணியின் இழை தின்றுவிடும். ஓவியம் போலத் தெரிவதற்காகத்தான் துணியில் போடுகிறோம் என்றால், புகைப்படம் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது சட்டம். பிரேம்கடைக்காரர்கள் கைத்தொழில் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் கைக்கு வருவதில் பெரும்பகுதி சாமி படமும் காலமானவர் படமும்தான். படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துச் சட்டம் அடிப்பது அவர்கள் வழக்கம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் புகைப்படத்தின் மேற்பரப்பு இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் தோல் உரிந்துதான் வரும். எனவே நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். படத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலம் வெள்ளை ஓரமாகத் தெரியுமே, அதுதான். படத்துக்கும் கண்ணாடிக்கும் அது இடைவெளி கொடுக்கும், பார்வைக்கும் ஒரு அமைதி கொடுக்கும். அமிலம் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டை சில வருஷத்தில் பழுத்து, படத்தின் ஓரத்தையும் பழுக்க வைக்கும். பழைய கல்யாணப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தின் முதுகு முழுக்கப் பசை தடவ விடாதீர்கள். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் டேப் போட்டுத் தொங்கவிட்டால் தாள் சுருங்கி விரிய வழியிருக்கும். பின்பக்கத்து விளிம்பைச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள், ராமபாணப் பூச்சி நுழையாது. சட்டத்தின் நிறம் உங்கள் விருப்பம். பொன்நிறப் பூவேலைச் சட்டத்தை மட்டும் பெருமாளுக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இனி ஆணி. வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய படம் சில கோடைகளில் வெளுத்துப்போகும். பின்புறம் குளியலறை இருக்கும் சுவர், மழையில் ஓதம் காக்கும் வெளிச்சுவர், தாளிக்கும் புகை வரும் சுவர் இவையும் வேண்டாம். டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் இரவில் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பழைய வீடுகளில் படங்களை உயரத்தில் மாட்டி, கயிறு கட்டி முன்னால் சாய்த்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்க அது தோது, கண்ணாடியில் வெளிச்சம் அடிப்பதும் குறையும். நாம் சாய்ப்பதை விட்டோம், உயரத்தை மட்டும் விடவில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57, 58 அங்குலத்தில் வர வேண்டும் என்பது கண்காட்சிக் கூடங்களின் கணக்கு, நிற்பவரின் கண்ணுக்கு நேர். உட்கார்ந்து பார்க்கும் அறையில் இன்னும் இறக்கலாம். சோபாவுக்கு மேலே என்றால் அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் இருந்தால் பொருத்தமாக இருக்கும்.

துளை போடுவதற்கு முன்னால், படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் பாருங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், ஒயர் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மேலே போகும். கண்ணாடி போட்ட படம் கனக்கும், சிமென்ட் பூச்சில் அடித்த வெறும் ஆணி அதைத் தாங்காது. டிரில் போட்டு, பிளக் வைத்து, திருகு முடுக்குங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சை வராது. பல்லி வரும். அதற்கு நான் மருந்து எதுவும் வைத்திருக்கவில்லை.

வாடகை வீட்டுக்காரர்கள் முகம் வாடுவது தெரிகிறது. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார், ஒட்டும் கொக்கியோ டிஸ்டெம்பரைப் பெயர்த்துக்கொண்டு வரும். புத்தக அலமாரியின் மேல் சாய்த்து வையுங்கள். அதில் ஒரு வசதியும் உண்டு, எப்போது வேண்டுமானாலும் படத்தை மாற்றலாம். உண்மையில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரே அளவில் சட்டங்களைச் செய்துகொண்டு, அடுத்த பயணம் முடிந்ததும் உள்ளே இருப்பதை மாற்றுங்கள். வெளியே எடுத்த படத்தை ஓரமாகப் போட்டுவிடாமல் உறையில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அதன் முதுகில் ஊர், மாதம், வருஷம், கூட வந்தவர் பெயர் எல்லாவற்றையும் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் மவுண்ட் அட்டையின் பின்புறம் எழுதலாம். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

படம் கொண்டு வந்திருப்பவர்கள் முன்மேசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். போனில் கொண்டு வந்தவர்களும் வரலாம். ஆறு பேர் வரிசையாக நிற்கும் படத்தையும் காட்டலாம், அதை ஆல்பத்துக்குச் சிபாரிசு செய்கிறேன்.